ஃபார்மட் செய்யவா என்று டிஸ்க் கேட்டால்

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஸ்டூடியோக்காரர்களுக்கு அது ஆவணிக் கல்யாணங்களின் ஆல்பம் வேலையை உட்கார்ந்து முடிக்கிற மாதம். அப்படியொரு புரட்டாசிச் சாயங்காலத்தில்தான் பெருந்துறைப் பக்கத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் சென்னிமலையில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பனியன் வேஸ்ட்டில் பொதிந்து ஒரு 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க்கைக் குழந்தை மாதிரி பிடித்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, மூணு கல்யாணம் இதுக்குள்ள இருக்குதுங்க. ஒண்ணுக்குக்கூட இன்னும் ஆல்பம் போடலீங்க."

"மாட்டுனா என்னங்க சொல்லுது?"

"ஃபார்மட் பண்ணோணுமான்னு கேக்குதுங்க."

"நீங்க என்ன கொடுத்தீங்க?"

"கேன்சல் கொடுத்துப்போட்டு ஓடியாந்துட்டனுங்க."

அப்போதே எனக்குப் பாதி வேலை குறைந்துவிட்டது. இந்தக் கடையை 16 வருடமாக நடத்துகிறேன். வருகிற டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், டிஸ்க் கெட்டதால் போனவை இல்லை; கெட்ட பிறகு வீட்டில் யாராவது ஏதாவது செய்து பார்த்ததால் போனவை. அதனால் நான் எப்படிச் செய்கிறேன் என்பதை, செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் வீட்டு டிஸ்க்குக்கும் இதே வரிசைதான்.

முதலில், டிஸ்க்கைக் கழற்றிக் கீழே வையுங்கள். வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றி ஒருமுறை பார்ப்பது தப்பில்லை, சில நேரம் கேபிள்தான் வில்லன். அதற்கு மேல் மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

உள்ளே என்னதான் ஆகியிருக்கும்

கிராம நிர்வாக அலுவலரிடம் நில அளவைப் புத்தகம் இருக்கும் இல்லையா, அதில் ஒரு பக்கம் கிழிந்துபோனால் தோட்டம் காணாமல் போய்விடாது. மஞ்சள் அங்கேயேதான் விளைந்து நிற்கும். எந்த எல்லைக்கல்லிலிருந்து எந்த எல்லைக்கல் வரை யாருடையது என்ற கணக்குத்தான் இல்லை. டிஸ்க்கிலும் இதே கதைதான். டிஸ்க் செக்டார் என்ற சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் பார்ட்டிஷன் கணக்கு, அதாவது சி, டி என்று பிரித்த பகுதிகளின் எல்லைக் கணக்கு, மொத்தமே 64 பைட், ஒன்று 16 பைட் வீதம் நான்கு பதிவு. 64 பைட் அழிந்தால் 1 டிபி முழுவதும் காலி என்று விண்டோஸ் சொல்லும்.

அதற்கு அடுத்த படி, ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் அதன் அமைப்பைச் சொல்லும் பூட் செக்டார். எஜெக்ட் கொடுக்காமல் டிஸ்க்கைப் பிடுங்கினாலோ, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, சரியாக அந்த இடத்தில் டிஸ்க் தேய்ந்திருந்தாலோ இது கெடும். அப்போதுதான் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ரா' (என்ன வகை என்று புரியவில்லை) என்று காட்டி, ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். நல்ல காலமாக, இதைச் செய்தவர்கள் நகலும் வைத்திருக்கிறார்கள். என்டிஎஃப்எஸ், ஃபேட்32 என்பவை ஃபைல்களை அடுக்கும் முறைகள். என்டிஎஃப்எஸ்ஸில் பூட் செக்டாரின் நகல் அந்தப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் இருக்கிறது. ஃபேட்32-ல் 6-வது செக்டாரில் இருக்கும். எம்பிஆருக்கு அடுத்து வந்த ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் அட்டவணையே டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும். மீட்பு சாஃப்ட்வேர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை, இந்த நகல்களைத்தான் தேடிப் போகின்றன.

செக்டிஸ்க் ஓட்டாதீர்கள்

2011-ல், மார்ச் மாதக் கடைசியில், எங்கள் ஊர்ப் பெட்ஷீட் வியாபாரி ஒருவரின் கணக்கு கம்ப்யூட்டர் என்னிடம் வந்தது. டி டிரைவ் திறக்கவில்லை. அப்போது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அவர் எதிரிலேயே கருப்புத் திரையைத் திறந்து, விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் கட்டளையை சரிசெய்யும் ஆப்ஷனோடு ஓட்டினேன். வரிவரியாக ஓடியது, பார்க்க ரொம்ப கெட்டிக்காரத்தனமாக இருந்தது. முடிந்ததும் டிரைவ் திறந்தது. உள்ளே அவருடைய ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. 'ஃபவுண்ட்.000' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் எண் போட்ட துண்டுகள் ஆயிரக்கணக்கில்.

செக்டிஸ்க்கின் வேலை டிரைவை ஒழுங்குபடுத்துவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. கணக்குப் பொருந்தாத பதிவைத் துடைத்து எறிந்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று சொல்லும். அந்த வியாபாரியின் பில் புத்தகத்தை வைத்து நானும் தங்கையும் 11 நாள் உட்கார்ந்து திரும்ப டைப் செய்தோம். காசு வாங்கவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

இன்னொன்று. கெட்ட டிஸ்க்கை மாட்டியபடியே விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தால், ஆரம்பத்திலேயே அது தானாக டிஸ்க் செக் ஓட்டத் தொடங்கலாம். எந்தக் கீயையாவது அழுத்தினால் தவிர்க்கலாம் என்று சில விநாடி காட்டும். டீ குடிக்கப் போயிருந்தால் போச்சு. 'இனிஷியலைஸ்' செய்யவா என்று டிஸ்க் மேனேஜ்மென்ட் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

காது வைத்துக் கேளுங்கள்

கடைக்குப் பின்னால் தறி ஓடுகிறது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ராத்திரி வரை தடக் தடக்தான். அந்தச் சத்தத்தில் டிஸ்க்கின் சத்தம் எங்கே கேட்கும்? எங்கள் மாமா கிணற்று மோட்டாருக்கு ரிவைண்டிங் செய்கிறவர். மோட்டார் பேரிங் போய்விட்டதா என்று பார்க்க, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக்கொள்வார். நானும் அதைத்தான் செய்கிறேன். நுனியை அழுத்தாமல் டிஸ்க்கின் ஓரத்தில் தொட்டால் போதும்.

ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஓடி, இடையிடையே லேசாகக் கொறிக்கும் சத்தம் வந்தால் நல்லது. 'டிக்... டிக்... டிக்' என்று தாளம் போட்டு நின்று மறுபடி தொடங்கினால், உள்ளே தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தட்டுகிறது என்று அர்த்தம். உடனே கழற்றிவிடுவேன். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. உரசினால் சுரண்டிக்கொண்டே போகும், சுரண்டிய இடத்தில் இருந்தது எந்த லேபுக்கும் கிடைக்காது. மாட்டியதும் சத்தமே இல்லை, அல்லது 1 டிபி டிஸ்க் 0 பைட் என்று காட்டுகிறது என்றாலும் இது கடையில் ஆகிற வேலை இல்லை. தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு லேபுக்குத்தான் போக வேண்டும். செலவு கணிசமாக ஆகும், அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். ஃபிரிட்ஜில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து ஊதுவது, இவை எல்லாம் வாட்ஸப்பில் வருகிற வைத்தியம். செய்து கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தம் சரியாக இருந்தால் அடுத்தது, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். பார்க்க வேண்டியவை நான்கு: 5, 197, 198, 199. ஐந்தாவது, ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டார்கள். 197, இப்போது படிக்க முடியாமல் காத்திருப்பில் உள்ளவை. 198, படிக்கவே முடியாது என்று கைவிடப்பட்டவை. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஒரு பொறி இருக்கிறது: எண்களைப் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) காட்டும். 197 என்று தேடினால் இருக்காது, சி5 என்று இருக்கும். எதிரே 30 என்று இருந்தால் அது 48. ஸ்டூடியோக்காரரின் டிஸ்க்கில் சரியாக அதுதான் இருந்தது, சி5-க்கு நேராக 30.

48 செக்டார் என்பது சின்ன எண்தான். ஆனால் 197-ல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும், அந்த டிஸ்க்கில் நேரடியாக எந்த மீட்பு சாஃப்ட்வேரையும் ஓட்ட மாட்டேன். மீட்பு சாஃப்ட்வேர் அதே கெட்ட இடத்தை நூறு முறை தட்டும், டிஸ்க் அங்கேயே செத்துப்போகும். முதலில் நகல்.

நகல் எடுப்பது: எல்லாவற்றிலும் இதுதான் வேலை

இதற்கு நான் விண்டோஸைத் தொடுவதில்லை. கெட்ட டிஸ்க்கை மாட்டினால் எக்ஸ்ப்ளோரர் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு பென் டிரைவில் உபுண்டு அல்லது சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் போட்டு அதிலிருந்து பூட் செய்கிறேன். சிஸ்டம்ரெஸ்க்யூவில் தேவையான கருவிகள் ஏற்கெனவே இருக்கும். உபுண்டுவில் நெட் வழியாகப் போட வேண்டும். அங்கே ஒரு குழப்பம்: நகல் எடுக்கும் கருவியின் பேக்கேஜ் பெயர் 'ஜிடிடிரெஸ்க்யூ', கட்டளையின் பெயர் 'டிடிரெஸ்க்யூ'. முதல் முறை நான் அரை மணி நேரம் தேடினேன். உபுண்டு திரையின் ஓரத்தில் டிஸ்க்கின் படம் தெரியும், ஆசைப்பட்டு அதைக் கிளிக் செய்யாதீர்கள். மவுண்ட் ஆகக் கூடாது, அதாவது லினக்ஸ் அதைத் திறந்து பயன்படுத்தத் தொடங்கக் கூடாது.

நகலை வாங்கும் டிஸ்க் பெரியதாக இருக்க வேண்டும். 1 டிபிக்கு 2 டிபி வைத்துக்கொள்கிறேன், நகலும் அதிலிருந்து எடுக்கும் ஃபைலும் ஒன்றிலேயே அடங்கும். அது ஃபேட்32-ல் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபியோடு நகல் நின்றுவிடும்; என்டிஎஃப்எஸ் அல்லது லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வேண்டும்.

இப்போது ஆபத்தான இடம். கட்டளையில் மூன்று பெயர் கொடுக்க வேண்டும்: முதலில் கெட்ட டிஸ்க், அடுத்தது நகல் ஃபைல், மூன்றாவது மேப் ஃபைல். முதல் இரண்டும் இடம் மாறினால் கெட்ட டிஸ்க்கின் மேலேயே எழுதச் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். லினக்ஸில் டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் பெறும்; யார் யார் என்று 'எல்எஸ்பிஎல்கே' காட்டும். பெயரை மட்டும் நம்பாமல் மாடலையும் சீரியல் நம்பரையும் சேர்த்துக் காட்டச் சொல்லி, டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுவேன். கெட்ட டிஸ்க்கின் மேல் மாஸ்கிங் டேப்பில் 'நோயாளி' என்று எழுதி ஒட்டிவிடுவது என் பழக்கம். கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

டிடிரெஸ்க்யூவின் புத்திசாலித்தனம் என்னவென்றால், சுலபமாகக் கிடைப்பதை முதலில் அள்ளிக்கொள்ளும். ஒரு இடம் தகராறு செய்தால் தாவிப் போய்விட்டு, பிறகு திரும்பி வரும். நான் இரண்டு சுற்றாக ஓட்டுகிறேன். முதல் சுற்றில் ஹைஃபனும் சின்ன எழுத்து 'என்'னும் சேர்த்துக் கொடுத்தால், கெட்ட இடத்தைச் சுரண்டாமல் விட்டுவிடும். இரண்டாவது சுற்றில் அதை எடுத்துவிட்டு, ஹைஃபன், சின்ன 'ஆர்', 3 என்று கொடுத்தால் கெட்ட இடங்களை இன்னும் மூன்று முறை முயன்று பார்க்கும். இரண்டு சுற்றிலும் ஹைஃபனோடு சின்ன 'டி' (d) ஆப்ஷனையும் சேர்ப்பேன், அது லினக்ஸ் இடையில் சேமித்து வைப்பதைத் தவிர்த்து நேராக டிஸ்க்கிலிருந்து படிக்கும்.

நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். விநாடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் 30 எம்பிதான் வரும், ஒன்பது மணி நேரம் தாண்டும். கெட்ட டிஸ்க் இவை இரண்டுக்கும் கட்டுப்படாது. ஸ்டூடியோ டிஸ்க்கை ராத்திரி எட்டு மணிக்குப் போட்டு, பக்கத்தில் டேபிள் ஃபேனையும் ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும், கரண்ட் வந்தது நாலரைக்கு. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் அணைந்து கிடக்கிறது. இதற்குத்தான் அந்த மூன்றாவது பெயர், மேப் ஃபைல். அது ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். எடுத்து முடித்த பகுதிக்குக் கூட்டல் குறி, கெட்டதுக்குக் கழித்தல் குறி, இன்னும் தொடாததுக்குக் கேள்விக்குறி என்று எழுதிக்கொண்டே போகும். அதே கட்டளையை அதே மேப் ஃபைலோடு திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே எச்சரிக்கை: ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எஸ்டிபியாக இருந்தது எஸ்டிசியாக மாறியிருக்கலாம். அன்று மாறித்தான் இருந்தது. சீரியல் நம்பர் பார்க்காமல் மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளையை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வெசனமாக இருக்கிறது.

மத்தியானம் முதல் சுற்று முடிந்தது: 99.99 சதவீதம், மிச்சம் 38 எம்பி. இரண்டாவது சுற்று பொழுதோடு முடிந்தபோது மிச்சம் 612 கேபி. அதோடு நோயாளியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை, எல்லா வேலையும் நகலில்தான்.

டெஸ்ட்டிஸ்க்

டெஸ்ட்டிஸ்க் ஒரு இலவச மீட்பு சாஃப்ட்வேர். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். காசு கேட்கும் சாஃப்ட்வேர்கள் அழகாக இருக்கும். ஆனால் ஸ்கேன் முடித்து ஃபைல் பெயரை எல்லாம் காட்டிவிட்டு, எடுக்க வேண்டுமென்றால் பணம் கட்டு என்பார்கள். டெஸ்ட்டிஸ்க்கில் மவுஸ் வேலை செய்யாது, எல்லாம் கீபோர்டு. பழகினால் ஒன்றுமில்லை.

கட்டளைக்குப் பக்கத்தில் நகல் ஃபைலின் பெயரைக் கொடுத்துத் திறக்கிறேன். பார்ட்டிஷன் வகை எது என்று கேட்கும். அதுவே கண்டுபிடித்து ஒன்றின் மேல் நிற்கும், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பழைய டிஸ்க் என்றால் இன்டெல், புதியது என்றால் ஈஎஃப்ஐ ஜிபிடி. பிறகு அனலைஸ், அதிலிருந்து க்விக் சர்ச். ஸ்டூடியோ டிஸ்க்கில் ஒரே நிமிடத்தில் ஒரு வரி வந்தது, கீழே சின்னதாக ஒரு குறிப்பு: பேக்கப் செக்டாரை வைத்து என்டிஎஃப்எஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று. கடைசி செக்டாரில் இருக்கும் நகல் என்று மேலே சொன்னேனே, அதுதான்.

இந்த இடத்தில் எண்டர் தட்டிக்கொண்டே போகாதீர்கள். அந்த வரியின் மேல் நின்று ஆங்கில 'பி'யை (P) அழுத்துங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் பட்டியலாக வரும். வந்ததைப் பார்த்து ஸ்டூடியோக்காரர் என் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். 'ஆவணி 11 சீர்', 'ஆவணி 18 முகூர்த்தம்' என்று அவர் வைத்த பெயர்கள் அப்படியே நின்றன. சிவப்பில் தெரிபவை அழிக்கப்பட்ட ஃபைல்கள்.

எடுக்க: 'ஏ' அழுத்தினால் எல்லாம் தேர்வாகும். ஒன்று மட்டும் வேண்டுமென்றால் அதன் மேல் நின்று முக்காற்புள்ளியை, அதாவது இரண்டு புள்ளி கீயை அழுத்துங்கள். பிறகு ஷிஃப்ட்டோடு பெரிய 'சி'. சின்ன 'சி' அழுத்தினால் கர்சர் நிற்கும் ஒரே ஒரு ஃபைல்தான் காப்பி ஆகும், நான் பலமுறை ஏமாந்த இடம். எங்கே வைப்பது என்று கேட்கும்போது போக வேண்டிய ஃபோல்டருக்குள் நுழைந்து மறுபடி 'சி'. முடிந்ததும் பச்சையில் எத்தனை ஃபைல் வந்தது, எத்தனை தவறியது என்று சொல்லும்.

பட்டியல் வரவில்லை, அல்லது ஃபைல்சிஸ்டம் சேதம் என்று சொன்னால் டீப்பர் சர்ச். அது டிஸ்க்கை முழுவதும் சல்லடை போடும், பல மணி நேரம் ஆகும். பத்து வருடத்துக்கு முன் இருந்த பார்ட்டிஷனைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொன்றிலும் 'பி' அழுத்தி, எதில் உங்கள் ஃபைல் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

'ரைட்' என்று ஒரு பட்டன் வரும். அது கண்டுபிடித்த கணக்கை டிஸ்க்கில் எழுதிவிடும். அதை நான் எப்போது தொடுவேன் என்றால், டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, பார்ட்டிஷன் மட்டும் தவறி அழிக்கப்பட்டிருந்தால். என் கொழுந்தனார் மகன் விண்டோஸ் போடும்போது சி டிரைவுக்குப் பதில் டி டிரைவை டெலிட் செய்துவிட்டான். அதற்கு மேல் எதுவும் எழுதாமல் நிறுத்தி போன் போட்டதால், அனலைஸ் திரையில் இருக்கும் பேக்கப்பை எடுத்துக்கொண்டு, ஃபைல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு ரைட் கொடுத்தேன். ரீஸ்டார்ட், டி டிரைவ் வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. அவன் "அவ்வளவுதானா பெரியம்மா" என்றான். அவன் நிறுத்தினான் என்பதால்தான் அவ்வளவு.

பெயரில்லாமல் அள்ளுவது

கணக்குப் புத்தகமும் போய், நகலும் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்தே வரும் ஃபோட்டோரெக் இருக்கிறது. இது ஃபைல்சிஸ்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் எப்படித் தொடங்கும் என்று அதற்குத் தெரியும். ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும், ஜிப் ஃபைல் 'பிகே' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அந்தத் தலையைக் கண்ட இடத்திலிருந்து அள்ளும். பழைய பெயர், ஃபோல்டர் எதுவும் வராது. எண் போட்ட ஃபைல்கள், 500-க்கு ஒரு ஃபோல்டர் என்று குவியும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட ஃபைலை, முக்கியமாகப் பெரிய வீடியோவை, ஒழுங்காகச் சேர்க்காது. 'ஃபைல் ஆப்ட்' பகுதியில் வேண்டிய வகையை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் சேமித்து வைத்த குட்டிப் படங்கள் லட்சம் வரும்.

போட்டோவுக்கு இது நல்ல கருவி. கேமரா கார்டைத் தவறி ஃபார்மட் செய்தவர்களுக்கு முதலில் இதையே ஓட்டுவேன். ஆனால் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் கம்பெனி டேட்டா, 10000, 10001 என்று எண் போட்ட ஃபோல்டருக்குள் பல ஃபைலாக இருக்கும். அந்தப் பெயர்களும் ஃபோல்டரும் இல்லாமல் டேலி எதையும் திறக்காது. அதனால் கணக்கு டிஸ்க்காக இருந்தால் டெஸ்ட்டிஸ்க்கில் மூன்று நாள் ஆனாலும் பொறுத்திருந்து, பெயரோடு எடுக்கப் பாருங்கள். திருப்பூரிலிருந்து எம்ப்ராய்டரி டிசைன் டிஸ்க் வரும்போதும் அப்படித்தான். டிஎஸ்டி ஃபைலின் தலை 'எல்ஏ' என்ற எழுத்தோடு தொடங்கும் என்பதால் தேடிப் பிடிக்க வழி உண்டு, ஆனால் எந்தப் பார்ட்டிக்கு எந்த டிசைன் என்பது பெயரில்தானே இருந்தது? எக்செல் ஃபைல் சில நேரம் ஜிப் என்று வந்து நிற்கும். உள்ளே அது ஜிப்தான். கடைசி எழுத்துகளை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று மாற்றினால் திறக்கும்.

இவையும் தெரிந்திருக்கட்டும்

எஸ்எஸ்டியில் அழித்தது, ஃபார்மட் செய்தது பெரும்பாலும் வராது. டிரிம் என்ற கட்டளை வழியாக அந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்கே சொல்லப்பட்டுவிடும், பிறகு படித்தால் பூஜ்யம்தான். நம்பிக்கை கொடுத்துக் காசு வாங்காதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பாஸ்வேர்டோ 48 இலக்க ரெகவரி கீயோ இல்லாமல் எந்த நகலும் குப்பைதான். சில போர்ட்டபிள் டிஸ்க்கில் கவருக்குள் இருக்கும் சர்க்யூட்டே டேட்டாவைப் பூட்டி எழுதும். கவரை உடைத்து நேராக மாட்டினால் ஒன்றும் புரியாது, அதனால் அந்தச் சர்க்யூட்டைத் தூக்கிப்போட வேண்டாம். லினக்ஸ் ஈஎக்ஸ்டி4 என்றால் அதன் தலைக் கணக்கான சூப்பர்பிளாக்கின் நகல், வழக்கமான 4 கேபி பிளாக்கில் 32768-வது இடத்தில் இருக்கும். அதைக் காட்டி, லினக்ஸின் செக்டிஸ்க் போன்ற ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டலாம், ஆனால் நகலின் நகலில் மட்டும்.

ஒப்படைப்பதற்கு முன்

எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்பதால் ஃபைல் நல்லது என்று ஆகிவிடாது. அந்த 612 கேபி யாருடைய ஃபைலுக்குள் விழுந்தது? டிடிரெஸ்க்யூவிலேயே இதற்கு வழி இருக்கிறது. நகலை இன்னொரு காப்பி எடுத்து, அதில் ஃபில் முறையை ஓட்டி, கெட்ட இடங்களில் மட்டும் ஏதாவது ஒரு வாசகத்தை நிரப்பச் சொன்னேன். பிறகு அந்தக் காப்பியிலிருந்து ஃபைல்களை எடுத்து, எதற்குள் அந்த வாசகம் இருக்கிறது என்று தேடினேன். நாலாயிரத்துச் சொச்சம் படத்தில் நான்கு மட்டும் மாட்டின.

மூன்று பரவாயில்லை, அதே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் இருந்தன. நாலாவது இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கு. மாப்பிள்ளையின் அக்கா கூடையோடு நிற்கிற படம், அதற்கு மாற்று இல்லை என்றார். ஜேபெக் மேலிருந்து கீழாகத்தான் விரியும், கெட்ட இடத்துக்குக் கீழேதான் சாம்பலாகப் போகும். திறந்து பார்த்தோம். முகங்கள் எல்லாம் முழுசாக இருந்தன, கூடைக்குக் கீழே ஒன்றுமில்லை.

"பொடவைக் கரை போயிருச்சுங்களே" என்றார்.

"குறுக்க வெட்டி அகலமாப் போடுங்க. ஆல்பத்துல யாருக்குத் தெரியப்போவுது?"

நகலை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருப்பேன், அதற்குள் எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஐப்பசி பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டது, அவருக்கு எங்கே நேரம். கார்த்திகையில்தான் போன் வந்தது, அழித்துவிடலாம் என்று. நோயாளி மட்டும் இன்னும் மாஸ்கிங் டேப்போடு அலமாரியில் இருக்கிறது, அதை வாங்கிப் போகச் சொல்லி மூன்று முறை போன் போட்டாயிற்று.